வீட்டு பீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றிச் சென்ற இதழில் வந்த அறிமுகக் கட்டுரையைத் தொடர்ந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை கொதி முடிந்து ஈஸ்ட் போட்ட பிறகு வந்த கோளாறுகள் பற்றியவை. அதில் வியப்பில்லை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) அளவுகளில் சின்னப் பிசகு இருந்தாலும் குடிக்கத்தக்க பீர் வந்துவிடும். நொதிக்கும் நாட்களில் கவனம் தவறினால்தான் மொத்தமும் வீணாகும்.

கேள்வி: ஏழாம் நாள் ஏர்லாக்கில் (வாளியின் வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பில்) குமிழ் நின்றுவிட்டது. அரை லிட்டர் போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி சீனி வீதம் போட்டு மூடினேன். மூன்று கிழமையில் அலுமாரிக்குள் இரண்டு போத்தல் வெடித்துவிட்டன. மிச்சத்தை என்ன செய்வது?
— வாசகர், ஹாரோ, லண்டன்

முதலில் மிச்சமிருப்பவற்றைப் பத்திரப்படுத்துவோம். வெறுங்கையால் தொடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்துகொண்டு, போத்தல்களைக் கனமான துண்டால் மூடி, ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரக் குளிர வாயு பீருக்குள் கரைந்து அழுத்தம் இறங்கும். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்தபின், துண்டு சுற்றியபடியே மூடியை மெல்ல நெம்பி வாயுவை வெளியேவிட்டுப் புது மூடி போடலாம். அதற்குப் பிறகும் அவை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

வெடித்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஏர்லாக்கை நம்பியது. வாளியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு பக்கவாட்டில் கசியும், குமிழ் தெரியாது. நொதித்தல் முடிந்ததா என்பதை, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும். தொடக்கத்தில் 1.048 காட்டிய சாதாரண பேல் ஏல் வகை பீர் 1.010 முதல் 1.012 வரை இறங்க வேண்டும். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்கலாம். நாலு புள்ளி (0.004) மிச்சம் இருக்கும்போது அடைத்தால், அதுவே ஒவ்வொரு லிட்டர் பீருக்கும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் வாயுவைக் கூடுதலாகத் தரும்.

இரண்டாவது சீனி. தேக்கரண்டி ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கணக்கில் லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் வரை போயிருக்கும். 6 கிராம் போதும். 20 லிட்டருக்கு 120 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், சாதாரணச் சீனி என்றால் 110 கிராம். அதைத் தராசில் நிறுத்து, ஒரு குவளைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்து, சுத்தமான வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் குழாய் வழியாக பீரைத் தளும்பாமல் இறக்குங்கள். எல்லாப் போத்தலுக்கும் ஒரே அளவு போகும். திருகுமூடி வைன் போத்தல், மெல்லிய சோடாப் போத்தல் இவற்றில் பீர் அடைக்கவே கூடாது.

கேள்வி: எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பகலில் 30 டிகிரிக்குக் குறையாது. இரண்டு முறை காய்ச்சியும் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி நெடி. ஒரு குவளை குடித்தாலே தலைவலி.
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அறையில் 30 டிகிரி என்றால் வாளிக்குள் 33 வரைகூடப் போகும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கிளப்பும். அந்தச் சூட்டில் சாதாரண ஏல் ஈஸ்ட் எத்தில் அசிடேட்டையும் காரமான உயர் ஆல்கஹால்களையும் அள்ளிக் கொட்டும். நெடி முதலாவதால், தலைவலிக்கு இரண்டாவதன்மேல் சந்தேகம். இந்தச் சுவை ஆறப்போட்டாலும் போகாது, கொட்டிவிடுங்கள்.

இடமிருந்தால் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்குங்கள். புது மால்ட், விலை உயர்ந்த ஹாப்ஸ் எல்லாவற்றையும்விட இந்தச் செலவுக்குத்தான் பலன் அதிகம். கருவியின் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல் வாளியின் சுவரோடு ஒட்டி, மேலே மடித்த துணி வைத்துக் கட்டுங்கள். அப்போதுதான் பீரின் சூட்டை அது அளக்கும். 18 டிகிரியில் வைத்து, முதல் நான்கு நாள் கண்டிப்பாக அங்கேயே நிறுத்துங்கள். சுவை கெடுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். பிறகு 20, 21க்கு ஏறினால் பரவாயில்லை, வெண்ணெய் வாடை இருந்தாலும் ஈஸ்ட் அதைத் தின்று தீர்த்துவிடும்.

இடமில்லை என்றால் ஈஸ்டை மாற்றுங்கள். நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காத்துவந்த குவைக் வகை ஈஸ்டில் வோஸ் என்றொரு இனம் உண்டு. அது 35 முதல் 40 டிகிரியில்தான் உற்சாகமாக வேலை செய்யும், மெல்லிய ஆரஞ்சு மணம் தரும். உங்கள் வீட்டு வெப்பம் அதற்குக் குறைவுதான், வாளியைப் போர்வையால் சுற்றிவையுங்கள். பசி அதிகமுள்ள ஈஸ்ட் என்பதால் ஈஸ்ட் ஊட்டச்சத்தும் சேர்க்க வேண்டும். குளிரில் நொதிக்க வேண்டிய லாகர் பீர் ஆசை மட்டும் ஃப்ரிட்ஜ் வரும்வரை காத்திருக்கட்டும்.

கேள்வி: என் பீரில் ஆஸ்பத்திரி வாடை வருகிறது. பாத்திரங்களை ப்ளீச் போட்டுத்தான் கழுவுகிறேன்.
— வாசகர், டொராண்டோ

ப்ளீச்சை நிறுத்துங்கள். குளோரின் மால்ட்டிலும் ஈஸ்டிலும் வரும் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். அது துளியளவு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். குழாய்த் தண்ணீரும் காரணம். டொராண்டோவில் தண்ணீரைக் காக்கச் சேர்ப்பது குளோரமின். குளோரினைப்போல அது இரவு திறந்துவைத்தாலோ சற்று நேரம் கொதித்தாலோ போகாது. அதை நீக்கும் கேம்டன் (சல்ஃபைட்) மாத்திரை ஒன்று சுமார் 75 லிட்டருக்குப் போதும். 30 லிட்டருக்கு அரை மாத்திரையைப் பொடித்து, தண்ணீரைச் சூடாக்கும் முன்பே போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

கிருமி நீக்க ஸ்டார் சான் போன்ற அமிலக் கரைசல் நல்லது. லிட்டருக்கு 1.5 மில்லி, இரண்டு நிமிடம் நனைந்தால் போதும், அலச வேண்டாம். அதன் நுரை பீரைக் கெடுக்காது. ஆனால் அழுக்கின்மேல் ஊற்றினால் எந்த மருந்தும் வேலை செய்யாது. முதலில் கழுவ வேண்டும். வாளியின் குழாயைக் கழற்றிப் பாருங்கள், திருகுமரைக்குள் பழுப்பாக ஒட்டியிருக்கும். புளிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

கேள்வி: தமிழ்க் கடையில் கிடைக்கும் பொருட்களை வைத்து பீர் செய்ய முடியுமா?
— வாசகி, மெல்பர்ன்

பெல்ஜியத்தின் விட் பீர் (கோதுமை பீர்) உங்களுக்காகவே இருக்கிறது. அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் மரபாகவே சேர்ப்பவை. உருண்டையான பழுப்பு விதையைவிட, நம் கடைகளில் வரும் நீள்வட்டமான, வெளிர்பச்சை கலந்த மஞ்சள் விதை எலுமிச்சை மணம் கூடியது. ஒரு விதையை நகத்தால் நசுக்கி முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பொடி வேண்டாம். குழம்புக்கு வறுப்பதுபோல வறுக்கவும் கூடாது. வறுத்தால் எலுமிச்சை மணம் பறந்துபோய் மசாலா வாடைதான் மிஞ்சும்.

20 லிட்டருக்கு: பில்ஸ்னர் மால்ட் 2.3 கிலோ, கோதுமை மால்ட் 1.5 கிலோ, கெட்டியான வெள்ளை அவல் 500 கிராம். அரிசியாக இருந்தால் முதலில் குழைய வேகவைக்க வேண்டும். வேகாத மாவுச்சத்தில் மால்ட்டின் நொதிகளால் எதுவும் செய்ய முடியாது. அவலோ ஊறி, சூடுபட்டு, தட்டப்பட்டது. அப்படியே போடலாம்.

40 லிட்டர் பாத்திரத்தில் 29 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். உள்ளே துணிப்பையை விரித்து, அரைத்த மால்ட்டையும் அவலையும் கட்டி தட்டாமல் கிளறிச் சேருங்கள். வெப்பம் 66, 67க்கு வந்து நிற்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பையைத் தூக்கி வடியவிட்டு, கொதி வந்ததும் 4.5 சதவீத ஆல்ஃபா அமிலம் (கசப்புத் தரும் பொருள்) உள்ள ஸாஸ் ஹாப்ஸ் 25 கிராம் போடுங்கள். 60 நிமிடம் மூடாமல் தளதளவெனக் கொதிக்க வேண்டும். மூடினால் வேகவைத்த சோள வாடை பீரிலேயே தங்கிவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில், ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி 15 கிராமும், உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய ஆரஞ்சுத் தோல் 20 கிராமும். உடனே 20 டிகிரிக்குக் குளிரவைத்து விட் ஈஸ்ட் ஒரு பாக்கெட்.

ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.047 அளவிலும் முடிவில் 1.010 அளவிலும் காட்டும். வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், இங்கே ஐந்துக்குச் சற்றுக் கீழே. பாத்திரத்துக்குப் பாத்திரம் ஆவியாகும் அளவு மாறும் என்பதால், முதல் முறை எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று குறித்துவையுங்கள்.

கேள்வி: வீட்டில் காய்ச்சினால் கண் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார்.
— வாசகர், பாரிஸ்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இந்தப் பயம் வரும். ஆனால் அங்கே உயிரைக் குடித்தது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது மெத்தனால் ஆபத்தான அளவில் உண்டாவதில்லை. பழங்களின் பெக்டினிலிருந்துதான் அது முக்கியமாக வரும், பீருக்கான தானியத்தில் பெக்டின் மிகக் குறைவு. ஹாப்ஸ், ஆல்கஹால், அமிலத்தன்மை மூன்றும் சேர்ந்து நோய்க்கிருமிகளையும் வளரவிடாது. அம்மாவிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: பீரைக் காய்ச்சி வடிக்கும் வேலை இதில் கிடையாது. அது தீ ஆபத்துள்ளது, உரிமம் இல்லாமல் செய்வது சட்டவிரோதமும்கூட.

கேள்வி: கோவையில் வீட்டுத் தேவைக்கு மட்டும் காய்ச்சலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

கூடாது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் கையெழுத்தான சட்டம் கூட்டரசு அளவில் வழிவிட்டது. சிங்கப்பூரில் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்காமல் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். சொந்த உபயோகம் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஹாப்ஸின் மணம்தான் உங்களை ஈர்க்கிறது என்றால் ஆல்கஹாலே இல்லாத ஹாப்ஸ் சோடா செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை எலுமிச்சையைப் பிழிந்து 75 டிகிரிக்குச் சூடாக்கி இறக்குங்கள். சிட்ரா ஹாப்ஸ் 3 கிராம் போட்டு 15 நிமிடம் மூடிவையுங்கள். எலுமிச்சையை முதலில் சேர்ப்பது, கசப்பு அதிகம் இறங்காமல் இருக்க. காப்பி வடிதாளில் வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்து, இரண்டு பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு வீதம் கலந்து அன்றைக்கே குடித்துவிடுங்கள்.