கேள்வி பதில்: காவல் பணிக்கு எழுத்துப் பயிற்சி எதற்கு?

கேள்வி: காவல் பணியில் சேர ஓட்டம், உடற்பயிற்சி என்று முழுமூச்சாக உழைக்கிறேன். தெளிவாக எழுதவும் பழகச் சொல்கிறார்கள். அது அவ்வளவு அவசியமா?

பதில்: அவசியம்தான். ஓடிப் பிடிப்பது சில நிமிட வேலை; நடந்ததை ஒழுங்காக எழுதிவைத்தால்தான் வழக்கு நிற்கும். மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து நீங்கள் சாட்சி சொல்லப் போகும்போது நினைவு மங்கியிருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ நீங்கள் அன்று எழுதிய அறிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டு வந்திருப்பார். அதில் இல்லாததைச் சொன்னால், அப்போதே ஏன் எழுதவில்லை என்று மடக்குவார்.

கண்டதையும் ஊகித்ததையும் கலந்து எழுதுவதுதான் பெரிய தவறு. 'போதையில் இருந்தார்' என்பது உங்கள் முடிவு. 'மது வாடை வீசியது, பேச்சு குழறியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்' என்பவை நீங்கள் கண்டவை. அவற்றை எழுதுங்கள். கைப்பற்றிய மோதிரத்தைச் சோதிக்கும்வரை 'தங்க மோதிரம்' என்று எழுதக் கூடாது. 'மஞ்சள் நிற உலோக மோதிரம்' போதும். 'தங்கம்' என்று எழுதிய பிறகு அது பித்தளை என்று தெரிந்தால், தங்கத்தை மாற்றிவிட்டதாகப் பழி உங்கள்மேல் விழும். நிறத்தைக் குறிக்கும்போது வெளிச்சத்தையும் குறியுங்கள். மஞ்சள் சோடியம் விளக்கின்கீழ் அடர்நீலக் கார் கறுப்பாகத்தான் தெரியும்.

தமிழில் எழுதுவோர் அடிக்கடி சறுக்குவது எழுவாயில். 'ஓடிவந்து அடித்ததில் கீழே விழுந்தார்' என்றால் அடித்தது யார், விழுந்தது யார்? 'தாக்கப்பட்டார்' என்பதும் தாக்கியவரை மறைத்துவிடுகிறது. இரண்டு பேர் சம்பந்தப்பட்ட இடத்தில் 'அவர்' வேண்டாம், பெயரையே எழுதுங்கள். ஒரே பெயர் பத்து முறை வந்தாலும் குறையில்லை.

கேள்வி: நேரத்தையும் தூரத்தையும் எப்படிக் குறிப்பது?

பதில்: 24 மணி நேரக் கணக்கில், தேதியோடு. 'வெள்ளி இரவு 12 மணி' என்றால் வெள்ளி தொடங்கிய நள்ளிரவா, முடிந்த நள்ளிரவா என்று குழப்பம் வரும். தூரம் அளந்ததா, கண்மதிப்பா என்று சொல்லுங்கள். 'இடப்பக்கம்' என்றால் யாருக்கு இடப்பக்கம் என்பதும் வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே பழக வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரு சாலைச் சந்திப்பை 10 நிமிடம் கவனித்துக் குறிப்பெடுங்கள். அதை 150 சொற்களில், நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். அங்கே இல்லாத ஒருவரிடம் கொடுத்து, படித்ததை வைத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, எங்கே தப்பாக வரைகிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். வாரம் 2 முறை செய்தால் போதும்.

குறிப்பேட்டில் பிழை வந்தால் கிறுக்கி அழிக்காதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு, பழைய சொல் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள்.