பணியில் இருக்கும் உளநல வைத்தியர்கள் எதைத் தொடர்ந்து படிக்க வேண்டும்?

பயிற்சி முடிந்து வெளிமாவட்ட நியமனம் கிடைத்திருக்கிறது, இனி எந்தத் தலைப்புகளைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாக ஒரு கிளினிக்கைப் பொறுப்பெடுக்கப் போகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், அதில் சேர்ந்த நீடித்த துயரக் கோளாறு, இதையெல்லாம் எப்படியும் படித்துவிடுவீர்கள். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருபது வருடம் கழித்தும் இங்கே வருகிறார்கள், அதனால் அது தேவையும்தான். ஆனால் என்னைக் கேட்டால், முதலில் சிறுநீரகத்தைப் படியுங்கள்.

அம்பாறைக் கரையோரத்தில் நான் வேலை செய்த காலம். வெள்ளாமைக்காரர் ஒருவர் மனநிலையைச் சீராக வைத்திருக்கும் லித்தியம் குளிசையை ஒன்பது வருடமாகப் போட்டு வந்தார். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்ததில்லை. இரத்தத்தில் லித்தியம் அளவு எப்போதும் 0.7 பக்கம்தான், பாதுகாப்பான அளவு. சிறுபோக வெட்டு நேரத்தில் மனைவி போன் எடுத்தார். "டொக்டர், இவருக்குக் கை நடுங்குது, சத்தி எடுக்கிறார், சாப்பாடு தங்குதில்ல." அன்று கிளினிக்கில் நிற்க இடமில்லை. "வயிற்றுக் கோளாறா இருக்கும் ராத்தா, செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றேன். வேறு என்ன குளிசை போடுகிறார், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். நாக்குக் குழறியது, கால் தரையில் நிற்கவில்லை. வாழ்நாளில் குடித்தறியாத மனிதர் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார் என்று ஊரில் பேசிவிட்டார்கள். ராத்தா அதைச் சொல்லித்தான் அழுதார். லித்தியம் 2.4. நாரி நோவுக்குப் பாமசியில் டைக்குளோபெனக் வாங்கி ஒரு கிழமையாகப் போட்டிருக்கிறார். வேறொரு கிளினிக்கில் பிரஷருக்கு லொசார்டன் தொடங்கியிருக்கிறார்கள். வட்டைக்குள் பகல் முழுக்க வியர்வை வேறு. மூன்றும் சேர்ந்து சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்ற விடாமல் செய்துவிட்டன. அன்றே அனுப்பி இரத்தச் சுத்திகரிப்பு செய்வித்தோம். பிழைத்தார். நடையில் இருந்த தள்ளாட்டம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

இது பாடப்புத்தகத்தில் இருக்கிறதே, நிபுணருக்குத் தெரியாதா என்று சிலர் கேட்பார்கள். தெரியும், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஒன்பது வருடம் தொல்லை தராத மருந்தைப் பற்றி நான் திரும்பப் படிக்கவில்லை, அவ்வளவுதான். பாமசிக்காரரையும் குறை சொல்லவில்லை, லித்தியம் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. லித்தியம் போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு நிறுத்திவிடவும் வேண்டாம். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் அது இன்றும் நம்பத்தக்க மருந்து.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. நான் போன தொடர்கல்விக் கூட்டங்கள் பெரும்பாலும் கொழும்பில்தான் நடந்தன. கல்முனையில் இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, முகம் கழுவி மண்டபத்துக்குள் போனால் புது மருந்தொன்றின் படங்களைக் காட்டுவார்கள். அந்த மருந்து எங்கள் மருந்தறையில் இருக்காது. பதில் வைத்தியர் இல்லாமல் இங்கே கிளினிக் பூட்டியிருக்கும், வாகரையிலிருந்து வந்தவர் வெறுங்கையோடு திரும்பிப் போயிருப்பார். மாநாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்தில் ஒன்றையாவது மட்டக்களப்பில் வைத்தால் என்ன?

சரி, மற்றத் தலைப்புகள். கடும் மனச்சிதைவுக்குத் தரும் குளோசப்பின் கொடுத்தால், வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று எல்லோரும் எண்ணுகிறோம், மலச்சிக்கலை விசாரிக்க மறந்துவிடுகிறோம். அதுவும் உயிரை எடுக்கும். நோயாளி சிகரெட்டை விட்டாலும் அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும். மனநிலையைச் சீராக்கத் தரும் இன்னொரு மருந்தான வல்புரோவேற்றை இளம் பெண்களுக்கு எழுதும் பழக்கத்தை விடுங்கள். கருவில் அதற்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறைபாடு, 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிப் பிரச்சினை வரக்கூடும். அப்புறம் நோன்பு. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் வேலை செய்தால் றமழானுக்கு முன்பே லித்தியம் அளவையும் சிறுநீரகத்தையும் பாருங்கள், குளிசையை இரவுக்கு மாற்றலாமா என்று பேசுங்கள், நோன்பு திறந்தது முதல் சஹர் வரை தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு தடவை இரத்தம் எடுங்கள்.

இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் வீட்டில் இருக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.