உபுண்டு 20.04: இன்றிரவே ஏற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் வலைத்தளமும் பில்லிங் மென்பொருளும் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட ஒரே சர்வரில் ஓடுகின்றன. இதுவரை தொந்தரவு இல்லை. பராமரிப்பு ஒப்பந்தக்காரர், "சப்போர்ட் முடிந்துவிட்டது, இன்றிரவே ஒரே கமாண்டில் 24.04-க்கு ஏற்றிவிடலாம்" என்கிறார். சரி சொல்லலாமா?

பதில்: ஏற்றத்தான் வேண்டும். ஆனால் இன்றிரவு வேண்டாம்.

சப்போர்ட் முடிந்தது உண்மைதான். 2025 மே மாதத்தோடு 20.04-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதற்காக நாளைக் காலையே சர்வர் படுத்துவிடாது. உபுண்டு ப்ரோ என்ற நீட்டித்த பாதுகாப்புச் சந்தாவில் பதிந்தால் 2030 வரை திருத்தங்கள் வரும். அந்த அவகாசத்தில் நிதானமாகத் திட்டமிடலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு 5 கணினிகள் வரை அது இலவசம். கட்டணம் கட்ட வேண்டிய நிறுவனமாக இருந்தாலும் உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே பதியலாம். சர்வரைச் சந்தாவோடு இணைக்கும் குறியீடான இலவச டோக்கனைத் தன் பெயரில் வாங்கிப் போட்டுவிட்டு, 'சிறப்பு நீட்டிப்பு' என்று வருடாவருடம் பில் போடுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. டோக்கன் யார் கணக்கில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

அந்த 'ஒரே கமாண்ட்' கதைக்கு வருவோம். 20.04-லிருந்து 24.04-க்கு நேராகத் தாவ முடியாது, நடுவில் 22.04-ல் இறங்கி ஏற வேண்டும். வலைத்தள மென்பொருட்கள் பல எழுதப்படும் மொழியான பிஎச்பி 7.4 முதலில் 8.1 ஆகும், அப்புறம் 8.3 ஆகும். 7.4-க்கு எழுதிய பில்லிங் மென்பொருள் 8-ல் வெள்ளைத் திரை காட்டினால், நள்ளிரவில் அதை எழுதியவரை எங்கே தேடுவது? மென்பொருளை விற்றவரோ, "புதிய பதிப்புக்கு வேறு உரிமம் வாங்குங்கள்" என்பார். இந்தத் துறையில் ஒருவர் உடைத்ததற்கு இன்னொருவர் பில் போடுவதே வழக்கமாகிவிட்டது.

அதனால் பழையதைத் தொடாதீர்கள். பக்கத்திலேயே 24.04 போட்ட புது சர்வர் ஒன்றை எழுப்பி, தரவை நகலெடுத்து, உங்கள் பில்லிங் ஊழியரையே உட்கார வைத்து ஒரு பில் போடச் சொல்லுங்கள், அச்சும் எடுக்கட்டும். எல்லாம் ஓடினால் ஒரு நாள் முன்னதாக டிஎன்எஸ்-ன் (உங்கள் தளப் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் பதிவு) டிடிஎல்லை, அதாவது பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடிக்குக் குறையுங்கள். மாற்றும் நேரத்தில் பழையதில் புது பில் போடுவதை நிறுத்தி, கடைசியாக ஒருமுறை தரவை எடுத்துவிட்டு முகவரியைத் திருப்புங்கள். பழைய சர்வரை ஒரு மாதம் அழிக்க வேண்டாம். மாதக் கடைசியிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இரண்டாவது இயந்திரத்துக்கு வழியே இல்லை, அதே சர்வரில்தான் ஏற்ற வேண்டும் என்றால், உங்கள் தரவுத்தளம் எது என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் மூன்று பதிப்புகளிலும் 8.0 வரிசைதான், அவ்வளவு பயமில்லை. போஸ்ட்கிரஸ் என்றால்தான் கவனம். 20.04-ல் இருப்பது அதன் 12-ஆம் பதிப்பு. 22.04-க்கு ஏற்றியதும் பக்கத்தில் 14 வந்து நிற்கும், ஆனால் காலியாக. உங்கள் தரவு முழுக்க 12-லேயே இருக்கும். அதை 14-க்கு மாற்றும் கட்டளையை யாராவது தனியாக ஓட்ட வேண்டும். இது தெரியாமல், "பழைய தொகுப்புகளை நீக்கவா?" என்று கடைசியில் கேட்கும்போது தூக்கக் கலக்கத்தில் 'ஒய்' (Y, ஆம்) தட்டினால், 12-ஐ இயக்கும் நிரல் போய்விடக்கூடும். அப்படிப் போனால் கோப்புகள் வட்டில் இருந்தாலும், திறக்க ஆள் இருக்காது. அந்தக் கேள்விக்கு 'என்' (N, வேண்டாம்) தட்டுங்கள். மாற்றி, சரிபார்த்து, ஒரு வாரம் ஓட்டிய பிறகு நீக்கிக்கொள்ளலாம். 22-லிருந்து 24-க்குப் போகும்போது 14, 16 என்று இதே கூத்து மறுபடியும் உண்டு.

"ஸ்னாப்ஷாட் (சர்வர் வட்டின் அந்த நேரத்து நகல்) இருக்கிறதே" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அதே கணக்கில், அதே வட்டுத் தொகுப்பில் கிடக்கும் ஸ்னாப்ஷாட்டை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறொரு கணினியில் அந்த பேக்கப்பை உங்கள் கண்ணெதிரே மீட்டு, நேற்றைய கடைசி பில் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு தேதி குறிக்கலாம்.