பேர் அவருக்குப் போனா போகட்டும்

நீங்க ரெண்டு வருஷமா மனு குடுத்து அலைஞ்சு வாங்கின நூலக நேர நீட்டிப்பை, முதல்ல எதிர்த்த கவுன்சிலரே இப்ப "என் முயற்சி"ன்னு போஸ்டர் போட்டுக்கிறார், கூட்டத்துல போய் உண்மையை உடைச்சிடவான்னு கேட்டிருக்கீங்க. வேணாங்க. வயிறு எரியும், புரியுது, ஆனா அடுத்து குழந்தைகள் பிரிவுக்கு நிதி வேணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுக்கும் இவர் ஓட்டுதானே வேணும்?

1947-ல ஐரோப்பாவுக்கு உதவித் திட்டம் கொண்டுவந்தப்போ அமெரிக்க காங்கிரஸ்ல ரெண்டு சபையும் அதிபர் ட்ரூமனோட எதிர்க்கட்சி கையில, அடுத்த வருஷம் தேர்தல் வேற. மனுஷன் தன் பேரை வைக்காம வெளியுறவு அமைச்சர் மார்ஷல் பேர்ல விட்டுட்டு, எதிர்க்கட்சி செனட்டர் வாண்டன்பர்க்கையும் கூட சேத்துக்கிட்டார், 1948-ல நிறைவேறிடுச்சு. (அந்தத் தேர்தல்லயும் ட்ரூமனே ஜெயிச்சார், அது வேற கதை.)

அதுக்காக ஆஹா ஓஹோன்னு ஜால்ரா அடிக்காதீங்க, அதுக்கு உங்க கவுன்சிலர்கிட்ட ஏற்கனவே ஆள் இருக்கும். அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் போடுங்க, அதுல என்ன செஞ்சார்னு குறிப்பா எழுதுங்க: "நீங்க ஆதரவா ஓட்டு போட்டதால இப்ப வேலை முடிஞ்சு வர்றவங்களும் ராத்திரி உக்காந்து படிக்கிறாங்க"ன்னு, ஒரு போட்டோவோட, நாலு பேர் பாக்குற மாதிரி. அடுத்த கோரிக்கையை அதே கடிதத்துல சொருகாதீங்க, பேரம் மாதிரி ஆயிடும், கொஞ்ச நாள் விட்டு நேர்ல போய் கேளுங்க. செய்யாததுக்கு மட்டும் பாராட்டவே கூடாது, அப்புறம் செய்யவேண்டிய அவசியமே அவருக்கு இல்லாம போயிடும். அவர் எதிர்த்துப் பேசின பழைய கூட்டக் குறிப்பு காப்பி இருந்தா பத்திரமா வச்சுக்கோங்க, நாளைக்கு பல்டி அடிச்சா தேவைப்படும்.