பயிற்சி மைதானத்தில் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

சிறார் விளையாட்டுப் பயிற்சி குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நீச்சல் பயிற்சிக்குச் செல்கிறாள். அவளுடைய பயிற்சியாளர் எல்லோரும் மதிக்கும் மனிதர். சில மாதங்களாக, மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவளை மட்டும் இருக்கச் சொல்லி, கட்டணம் வாங்காமல் கூடுதல் பயிற்சி தருகிறார். இரவில் அவளுடைய செல்பேசிக்கு நேரடியாகச் செய்தியும் அனுப்புகிறார். தவறாக எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ, மகளின் வாய்ப்பு கெட்டுவிடுமோ என்று தயங்குகிறேன். — ஒரு தாய்

பதில்: கேளுங்கள் அம்மா, இந்த வாரமே கேளுங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் இல்லை. அந்தத் தீர்ப்பு யாருக்குமே தேவைப்படாதபடி பயிற்சி நடக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. பயிற்சியின் எந்த நேரத்திலும் ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மற்றவர் கண்ணுக்கு மறைவாகத் தனித்திருக்கக் கூடாது. பிள்ளைக்கு அனுப்பும் செய்தி எதுவாக இருந்தாலும் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் வர வேண்டும். உடை மாற்றும் அறையில் படம் எடுக்கக் கூடாது. வெளியூர்ப் போட்டிகளில் பெரியவரும் பிள்ளையும் ஒரே அறையில் தங்கக் கூடாது. இவை உலகெங்கும் நல்ல மன்றங்கள் பின்பற்றும் அடிப்படை விதிகள்.

பிள்ளைகளைத் தவறாகப் பயன்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் மிரட்டலில் தொடங்குவதில்லை. தனிக் கவனம், சிறு பரிசு, ‘உனக்கு மட்டும்’ என்னும் சலுகை, பிறகு ‘நமக்குள் இருக்கட்டும்’ என்னும் இரகசியம் என்று படிப்படியாக நெருங்குவார்கள். பிள்ளையின் நம்பிக்கையைப் பெறுவதற்கு முன்பே பெற்றோரின் நன்றியைச் சம்பாதித்துவிடுவதும் உண்டு. உங்கள் மகளின் பயிற்சியாளர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. உண்மையான அக்கறையும் இந்த நெருங்குதலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் ஆளை எடைபோடுவதை விட்டு முறையைக் கேட்கச் சொல்கிறேன். இந்த விதிகள் நேர்மையான பயிற்சியாளரை வீண்பழியிலிருந்து காப்பவையும்கூட. ஆகையால் அவருக்கும் இவை வேண்டியவையே.

மதிப்பும் புகழும் காவலாகிவிடாது என்பதற்கு உங்கள் மகளின் விளையாட்டிலேயே சான்று இருக்கிறது. 1988 சோல் ஒலிம்பிக்கில் பிரிட்டன் நீச்சல் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பால் ஹிக்சன், தம்மிடம் பயின்ற பெண்களுக்கு இழைத்த பாலியல் குற்றங்களுக்காக 1995இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் மீது முறையீடுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தும் அவை மேலே செல்லவில்லை. 2016இல் ஒரு நாளிதழின் புலனாய்வுக்குப் பிறகே உண்மை வெளிவந்தது. 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை எடுத்துரைத்தார்கள். சிகிச்சை என்ற பெயரில், சில வேளைகளில் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே அவர் அந்தக் குற்றங்களைச் செய்திருக்கிறார். ஆகவே இன்னொரு பெரியவர் உடனிருப்பது மட்டும் போதாது. பயிற்சியில் உடலை எங்கே, எதற்காகத் தொடுவார்கள் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், சொன்னால் கேட்கப்படும் என்னும் உறுதியும் அவளுக்கு இருக்க வேண்டும்.

பயிற்சியாளரிடம் இவ்வாறு சொல்லலாம்: “கூடுதல் பயிற்சிக்கு மிகவும் நன்றி சார். அந்த நேரத்தில் நானும் இங்கே இருக்கிறேன், அல்லது இன்னும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். செய்திகளை எனக்கும் சேர்த்து அனுப்புங்கள்.” இதைக் கேட்டு ஒருவர் கோபப்பட்டாலோ, மகளைத் தேர்விலிருந்து விலக்குவதாகக் குறிப்புக் காட்டினாலோ, தாமதிக்காமல் அவளை அங்கிருந்து அழைத்துக்கொண்டு, மன்றத்தின் பொறுப்பாளரிடம் எழுத்து வடிவில் முறையிடுங்கள். மகளிடம் குறுக்கு விசாரணை வேண்டாம். இன்றைக்குப் பயிற்சியில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அன்றாடம் இயல்பாகக் கேட்டுவரும் வீட்டில்தான், சொல்லக் கடினமான ஒன்று நேரும்போதும் பிள்ளை வாய் திறக்கும்.

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைகளின் கால்பந்து அணிக்குப் பயிற்சி தருகிறேன். காது கேளாத சிறுவன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். அவனையும் சேர்த்து ஆட வைக்க விரும்புகிறேன். ஆனால் மற்றவர்களின் பயிற்சி தடைப்படுமோ என்று அஞ்சுகிறேன். இப்போதைக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறேன். — ஓர் இளம் பயிற்சியாளர்

பதில்: உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் அந்த வேலையை நாளைக்கே நிறுத்திவிடுங்கள் தம்பி. ஆட வந்த பிள்ளைக்குப் பந்து பொறுக்கும் பணியும் புள்ளி எழுதும் பணியும் கொடுப்பது, அவன் ஆட்டத்தில் இல்லை என்பதை எல்லோருக்கும் அறிவிப்பதாகும். மற்றப் பிள்ளைகள் அதை உடனே கற்றுக்கொள்வார்கள்.

முதலில் அவனிடமும் அவனுடைய பெற்றோரிடமும் கேளுங்கள்: எப்படிப் பேசினால் அவனுக்குப் புரிகிறது, எந்தப் பக்கம் சிறிது கேட்கிறது, காதுக்கருவி அணிந்து ஆடுவானா, எதை வெறுக்கிறான். பேசும்போது அவனை நேராகப் பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால் உங்கள் முகம் இருண்டு உதட்டசைவு தெரியாது. திரும்பி நடந்துகொண்டே கட்டளை இடாதீர்கள். விசிலோடு ஒரு வண்ணக் கொடியையும் உயர்த்துங்கள். கொடி உயர்ந்தால் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது அணி முழுமைக்குமான விதியாகட்டும், அவனுக்கான தனி ஏற்பாடாக அல்ல. புதிய பயிற்சியை வாயால் விளக்குவதற்கு முன் ஒருமுறை செய்து காட்டுங்கள். இந்த மாற்றங்களால் மற்றவர்களின் பயிற்சி தடைப்படாது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கத்தைவிடச் செய்து காட்டுவதே நன்றாகப் புரியும்.

இடம், செய்யும் பணி, கருவி, உடன் ஆடுபவர்கள் ஆகிய நான்கில் ஒன்றையேனும் மாற்றிப் பார்ப்பது, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான பயிற்சியில் பரவலாகக் கையாளப்படும் வழி. மெதுவாக ஓடும் பிள்ளைக்கு ஆடுகளத்தின் ஒரு பகுதியைச் சுருக்கலாம். பார்வை குறைந்த பிள்ளைக்குத் தரையின் நிறத்திலிருந்து பளிச்செனப் பிரிந்து தெரியும் பந்தைத் தரலாம். பார்வையற்றோர் கால்பந்தில் உள்ளே சத்தம் எழுப்பும் பந்துதான் பயன்படுகிறது. எதை மாற்றினாலும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு சவால் மிஞ்சியிருக்க வேண்டும், ஏனென்றால் இரக்கத்தால் விட்டுக்கொடுக்கப்பட்ட கோலை எந்தப் பிள்ளையும் தன் கோலாக நினைப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அணியில் நண்பர் இல்லாத பிள்ளைக்குத்தான் கேலியும் சீண்டலும் முதலில் வந்து சேரும்; அதை எடுத்துச் சொல்லவும் அவனுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். எனவே அவனை ஆட்டத்தில் சேர்ப்பதும் அவனைப் பாதுகாப்பதும் ஒரே வேலைதான். இரண்டு மூன்று பிள்ளைகள் அவனுடைய சைகைகளைக் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள், மைதானத்துக்கு வெளியிலும் அது உதவும்.

கேள்வி: ஒன்பது வயது மகன், அணியில் பெயர் இருந்தும் போட்டிகளில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். ‘ஜெயிக்க வேண்டாமா?’ என்கிறார் பயிற்சியாளர். இது சரிதானா? — ஒரு தந்தை

பதில்: ஒன்பது வயதில் சரியில்லை. நார்வே நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 2007இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் விளையாட்டு உரிமைகளையும் விதிகளையும் உங்கள் மன்றத்தில் எடுத்துச் சொல்லுங்கள்: பிள்ளைகள் 11 வயதை எட்டும் ஆண்டு வரை போட்டி முடிவுகளுக்கும் தரவரிசைக்கும் பட்டியல் வெளியிடுவதில்லை, 13 வயதை எட்டும் ஆண்டு வரை தேசிய அளவிலான சாம்பியன் பட்டப் போட்டி இல்லை. அதே நார்வேதான் குளிர்கால ஒலிம்பிக்கில் எல்லா நாடுகளையும்விட அதிகமான பதக்கங்களை வென்றிருக்கிறது. இந்த விதிகளால்தான் பதக்கங்கள் வந்தன என்று சொல்வது மிகை. ஆனால் சிறுவயதில் எல்லோரையும் ஆடவிட்டால் பெரியவர்களின் ஆட்டம் கெட்டுவிடும் என்னும் அச்சத்துக்கு அது தக்க விடை.

ஒன்பது வயதில் திறமை என்று நாம் காண்பதில் பெரும்பகுதி உடல் வளர்ச்சிதான். ஒரே வயதுப் பிரிவில் ஆடும் இருவருக்கிடையே ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு இருக்கலாம். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை 1985இல் ஆராய்ந்தபோது, ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள், அதாவது ஜனவரியில் தொடங்கும் வயதுப் பிரிவில் மூத்தவர்களாக இருந்தவர்கள், மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது தெரியவந்தது. சிறுவயதில் சற்றே பெரியவனாக இருந்தவனுக்கு ஆட இடம் கிடைத்தது. ஆடியதால் அவன் மேலும் வளர்ந்தான். மற்றவன் பெஞ்சில் இருந்தே விளையாட்டைக் கைவிட்டான். உயரம் வேகமாகக் கூடும் பருவம் சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதையும் ஆண்களுக்கு 14 வயதையும் ஒட்டி வருகிறது; அதற்கு முன்பே ஒருவனைத் தேறாதவன் என்று ஒதுக்குவது அவசரம் மட்டுமல்ல, அநீதியும்கூட.

பயிற்சியாளரிடம் வெற்றியைப் பற்றி வாதாடாமல் நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு போட்டியிலும் குறைந்தது பாதி நேரமாவது ஆட வேண்டும் என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தால், போட்டி நாளில் யாருடைய மனநிலைக்கும் அதில் வேலை இல்லை.

கேள்வி: ‘அடியாத மாடு படியாது’ என்பார்கள். கண்டிப்பே கூடாதென்றால் ஒழுக்கம் எங்கிருந்து வரும்? தாமதமாக வந்தால் பத்துச் சுற்று ஓடவிடுவது தவறா? — ஒரு மூத்த பயிற்சியாளர்

பதில்: கண்டிப்பு வேண்டும் ஐயா, பிள்ளையைச் சிறுமைப்படுத்துவதுதான் கூடாது. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால், பிள்ளை விரும்ப வேண்டிய ஒன்றை வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறோம்; கடும் வெயிலிலோ தண்ணீர் இல்லாமலோ ஓடவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் குறித்து ஆன் வைட் என்னும் வழக்கறிஞர் 2022இல் அளித்த அறிக்கைக்கு 400க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவத்தை அனுப்பினார்கள். எடையைச் சொல்லி இழிவுபடுத்தியது, வலியோடு பயிற்சி செய்யக் கட்டாயப்படுத்தியது, தண்ணீரும் கழிவறையும் மறுத்தது எல்லாம் அதில் பதிவாகியுள்ளன. இவற்றுள் பல, அவற்றைச் செய்தவர்களுக்குக் கண்டிப்பாகவே தோன்றியிருக்கும்.

தாமதமாக வந்தவனிடம் காரணத்தைக் கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை தானாக வருவதில்லை, யாரோ ஒருவர்தான் அழைத்துவருகிறார். அவருடைய தாமதத்துக்குப் பிள்ளையின் கால்கள் ஏன் வலிக்க வேண்டும்? பெரிய பிள்ளையாக இருந்தால், கருவிகளை எடுத்துவைப்பது போன்ற அணிக்குப் பயனுள்ள பொறுப்பைத் தரலாம். உடலமைப்பையோ நிறத்தையோ வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதை நீங்களும் செய்யாதீர்கள், பிள்ளைகள் செய்யும்போது சிரித்துக் கடந்தும் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் அணியில் 12, 13 வயதில் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? — மன்றச் செயலாளர்

பதில்: கழிவறையிலிருந்து தொடங்குங்கள். உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைத்தொட்டி, அவசரத்துக்கு நாப்கின் ஆகியவை இருக்கின்றனவா? அடுத்து உடை. மாதவிடாய்க் காலத்தில் வெள்ளைக் கால்சட்டையோடு ஆடுவது எத்தனை பெரிய தொல்லை என்பதை விம்பிள்டனே ஒப்புக்கொண்டு, 2023 முதல் பெண்கள் அடர்நிற உட்கால்சட்டை அணிய அனுமதித்தது. தலையை மறைத்து ஆட விரும்புபவர்களுக்குக் கால்பந்தில் 2014இலும் கூடைப்பந்தில் 2017இலும் உலக அமைப்புகளே வழிவிட்டன. உள்ளூர் மன்றம் தடுக்க நியாயம் இல்லை. பெண் பயிற்சியாளர் அல்லது பொறுப்பாளர் ஒருவராவது இருக்கட்டும். பயிற்சி மிகுந்து மாதவிடாய் நின்றுபோவது நல்ல பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடலுக்குத் தேவையான உணவு கிடைக்கவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். நின்றுபோன பிள்ளைகளிடம் நேரில் சென்று காரணம் கேட்டீர்களானால், இந்தப் பதிலில் இல்லாதவையும் தெரியவரும்.

கேள்வி: ஆட்டத்தில் இருவர் தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் சற்றுத் தடுமாறி எழுந்து, ‘ஒன்றுமில்லை’ என்கிறான். ஆடவிடலாமா? — ஓர் உடற்கல்வி ஆசிரியர்

பதில்: கூடாது. மூளையில் பாதிப்பு உண்டோ என்ற ஐயம் எழுந்தாலே அன்று முழுவதும் அவன் ஆடக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். மயங்கி விழுந்தால்தான் மூளை பாதிப்பு என்று எண்ண வேண்டாம், பெரும்பாலோர் மயங்குவதில்லை. வாந்தி, கூடிவரும் தலைவலி, குழப்பம், தூக்கக் கலக்கம், வலிப்பு, கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கழுத்து வலிப்பதாகச் சொன்னால் அவனை அசைக்காமல் உதவியை வரவழையுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல், தலையில் அடிபட்ட 13 வயதுச் சிறுவனை அதே ஆட்டத்தில் மீண்டும் இறக்கியதால் அவனுக்கு வாழ்நாள் முழுவதற்குமான பாதிப்பு நேர்ந்தது. ஐயமிருந்தால் வெளியே உட்காரவைக்க வேண்டும் என்று 2009இல் அந்த மாநிலம் சட்டமே இயற்றியது. வீட்டாருக்கு அன்றே நேரில் சொல்லி, கவனிக்க வேண்டிய அறிகுறிகளை எழுதியும் கொடுத்துவிடுங்கள். பிள்ளையிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.