திரும்பி வர வழி இருக்கா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2024 ஜூலையில் ஒரே ஒரு ஃபைல் தப்பாகப் போனதால் ஏர்போர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் நீலத் திரையோடு நின்றன. அதை யாரும் சோதித்துப் பார்க்காமலா அனுப்பினார்கள்? (வாசகர், திருச்சி)

சோதித்துத்தான் அனுப்பினார்கள். வேடிக்கையே அங்கேதான்.

க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருள், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்வது. சாதாரண ஆப் செத்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் இருப்பது தடுக்கி விழுந்தால் மொத்த மெஷினும் சேர்ந்து விழும். ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரம் காலை 9.39க்கு 'சேனல் ஃபைல் 291' என்ற அப்டேட் கிளம்பியது. அது புது ப்ரோகிராம்கூட இல்லை. எதையெல்லாம் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லும் விவர ஃபைல். அதன் விதி 21 கட்டங்களைப் பார்க்கச் சொன்னது. மெஷினில் ஏற்கெனவே இருந்த ப்ரோகிராம் கொடுத்ததோ 20 மதிப்புகள். இல்லாத 21ஆவதைத் தேடி மெமரியில் எல்லை தாண்டிப் படிக்கப் போய், அங்கேயே குடை சாய்ந்தது.

அதற்கு முன் போன அப்டேட்களில் 21ஆவது கட்டத்தில் 'எதுவானாலும் சரி' என்ற குறி இருந்தது. அதனால் அந்தக் கட்டத்தை யாரும் தொட வேண்டி வரவில்லை. சோதனையிலும் அதே குறி. அன்றைக்குத்தான் முதல்முறையாக அங்கே நிஜமான நிபந்தனை ஒன்று வந்தது.

78 நிமிடத்தில், 10.57க்கு, அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த மெஷின்களுக்கு அதனால் பெரிய பலனில்லை. மெஷின் பூட் ஆகி எழும்போதே ஃபால்கனின் டிரைவரும் லோடாகிவிடும். பெரும்பாலான மெஷின்கள் நெட்டைத் தொடும் முன்பே திரும்பவும் செத்தன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் மெஷின்கள். உலகத்து விண்டோஸ் மெஷின்களில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதற்கே இண்டிகோ பயணிகள் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு விமானம் ஏறினார்கள்.

சரிசெய்த விதம் இது: ஒவ்வொரு மெஷினாகப் போய், சேஃப் மோடில் திறந்து, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் க்ரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டரில் 'சி-00000291' என்று தொடங்கும் ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். டிஸ்க்கை விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் முதலில் 48 இலக்க ரெகவரி கீயை அடிக்க வேண்டும். அந்தக் கீயைச் சேமித்து வைத்த சர்வரும் விண்டோஸாக இருந்து, அதுவும் நீலத் திரையில் நின்றால்? வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. உஷாரான கம்பெனிகள் இந்த மென்பொருளை எப்போதும் ஒரு பதிப்பு பின்தங்கியே வைத்திருந்தன. அவர்களும் தப்பவில்லை. அந்த ஏற்பாடு ப்ரோகிராமுக்கு மட்டும்தான். விவர ஃபைல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. படிப்படியாக அனுப்புவதும், எப்போது வாங்கிக்கொள்வது என்று வாடிக்கையாளரே தீர்மானிப்பதும் இதற்குப் பிறகுதான் வந்தன. உங்கள் ஆபீசில் இப்படி ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் மென்பொருள் எது இருந்தாலும் வெண்டரிடம் கேட்க வேண்டியது: "ப்ரோகிராம் அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம், சரி. கன்டென்ட் அப்டேட்டை, அதாவது விவர ஃபைலை?" பிட்லாக்கர் கீகளின் பிரதி ஒன்று விண்டோஸ் அல்லாத இடத்திலும் இருக்கட்டும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை ப்ரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் நிஜ சிஸ்டத்தில்) கை வைக்காதே என்கிறார்கள். மூடநம்பிக்கைதானே? (வாசகி, சோழிங்கநல்லூர்)

பாதி. மேலே சொன்னதும் வெள்ளிக்கிழமைதான் என்பதை வைத்து ராகுகாலம் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். பயப்பட வேண்டியது கிழமைக்கு அல்ல, பின்னால் வர முடியாத ரிலீசுக்கு.

ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திரும்புவது, தோற்கும் இடம் பெரும்பாலும் டேட்டாபேஸ். டேபிளில் 'மொபைல்' என்ற காலம்னை (நெடுவரிசையை) 'ஃபோன்' என்று பெயர் மாற்றி ரிலீஸ் செய்கிறீர்கள். அரை மணியில் கோளாறு. பழைய ப்ரோகிராமைத் திரும்பப் போடுகிறீர்கள். அது 'மொபைல்' எங்கே என்று தேடி விழுகிறது. இதை நான்கு ரிலீசாகப் பிரியுங்கள். முதலில் புதுக் காலம்னைச் சேர்த்து, ப்ரோகிராம் இரண்டிலும் எழுதட்டும், பழையதிலிருந்து படிக்கட்டும். அடுத்து பழைய வரிசைகளைச் சிறு சிறு தொகுதியாகப் புதுக் காலம்னுக்கு நகலெடுங்கள். மொத்தமாக ஓட்டினால் டேபிள் லாக்காகி ஆப் திணறும். மூன்றாவதில் படிப்பதை மட்டும் புதுக் காலம்னுக்கு மாற்றுங்கள், எழுதுவது இன்னும் இரண்டிலும் நடக்கட்டும். ஒரு வாரம் அமைதியாகப் போன பிறகு நான்காவதில் பழையதை நீக்குங்கள். முதல் மூன்று கட்டத்திலும் எந்த நிமிடமும் ஒரு படி பின்னால் வரலாம். நான்காவதை மட்டும் செவ்வாய்க்கிழமை காலையில் செய்யுங்கள்.

கேள்வி: தினமும் இரவு பேக்கப் ஓடுகிறது. நிம்மதியாகத் தூங்கலாமா? (வாசகர், ஈரோடு)

ப்ரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபும் அப்படித்தான் நினைத்தது. 2017 ஜனவரி 31 இரவு, இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் இருக்கிறோம் என்று எண்ணி, ஒரு பொறியாளர் முதன்மை சர்வரின் ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப்பை எடுப்போம் என்று போனால், தினசரி டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) போய்ச் சேர வேண்டிய க்ளவுட் ஸ்டோரேஜ் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவி 9.2. பதிப்பு ஒத்துவராமல் அது நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயிலாவது வந்திருக்க வேண்டும். அதில் முறையான கையொப்பம் இல்லாததால் மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. டிஸ்க்கை அந்த நொடியில் இருப்பதுபோல நகலெடுக்கும் ஸ்னாப்ஷாட் வசதியை டேட்டாபேஸ் சர்வர்களுக்கு யாரும் போட்டு வைக்கவில்லை. காப்பாற்றியது ஒரு தற்செயல்: சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். மீட்பு வேலையையே யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அதற்கு ஒரு சலாம்.

ஆகவே, 'பேக்கப் ஓடியதா' என்ற கேள்வியே தப்பு. மாதம் ஒருமுறை, தனி மெஷினில், பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை எழுப்பிப் பாருங்கள். முக்கியமான நாலைந்து டேபிளின் வரிசை எண்ணிக்கையை நேற்றைய கணக்கோடு ஒப்பிடுங்கள். எழுப்ப எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். விபத்தன்று முதலாளி கேட்கும் முதல் கேள்வி அதுதான். பேக்கப் ஃபைலின் அளவு நேற்றைவிடப் பாதியாகக் குறைந்தால் அலாரம் அடிக்கட்டும். தோல்வி மெயில் வரும் என்று காத்திருக்காதீர்கள். வெற்றிச் செய்தி வராவிட்டால் எச்சரிக்கை எழுகிற மாதிரி தலைகீழாக அமையுங்கள். கடைசியாக, ப்ரொடக்‌ஷன் டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி வையுங்கள். சின்ன வேலைதான், ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு கட்டளை அடிப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி: க்ளவுட் பாஸ்வேர்டை மறதியாக கிட்டில் (ப்ரோகிராம் மாற்றங்களை ஒவ்வொரு கமிட்டாகப் பதிந்து வைக்கும் கருவியில்) ஏற்றிவிட்டேன். அடுத்த கமிட்டிலேயே அழித்துவிட்டேன். போதும்தானே? (பெயர் வேண்டாம்)

போதாது. பழைய கமிட்டைத் திறந்தால் அப்படியே இருக்கும். யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போவில் (கிட் சேமிப்பிடத்தில்) இப்படி விழும் பாஸ்வேர்டு, கீகளைப் பொறுக்கவென்றே தானியங்கி பாட்கள் சுற்றுகின்றன. சில நிமிடம் போதும். வரிசை முக்கியம். முதலில் அந்தப் பாஸ்வேர்டையோ கீயையோ செல்லாததாக்கிப் புதியது உருவாக்குங்கள். அடுத்து, பழைய கீயால் யாராவது எதையாவது தொட்டார்களா என்று க்ளவுட் லாகைப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தாத ரீஜனிலும் (க்ளவுட் சர்வர்கள் இருக்கும் வேறு ஊர்ப் பகுதியிலும்) பாருங்கள், கிரிப்டோ சுரங்கக்காரர்கள் அங்கேதான் சர்வர் திறப்பார்கள். கிட்டின் பழைய கமிட்களிலிருந்தும் அதை நீக்கி வரலாற்றைக் கழுவுவது இதற்கெல்லாம் பிறகு. நிறையப் பேர் வெட்கத்தில் வரலாற்றைக் கழுவ ஓடுகிறார்கள். அதற்குள் பில் ஏறிவிடுகிறது. டீம் லீடிடம் உடனே சொல்லிவிடுங்கள். சொன்னவரைத் திட்டும் டீமில் அடுத்தவர் சொல்ல மாட்டார்.

கேள்வி: வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்கச் சொல்கிறார்களே, உங்கள் கருத்து? (வாசகர், பெருங்குடி)

2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி 70 என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90க்குப் போனார். ஆறு நாள் என்றால் நாளுக்கு 15 மணி நேரம். மிச்சம் ஒன்பது. ஓஎம்ஆரில் போக வர இரண்டு என்று குறைத்தே வைப்போம், ஏழு மிச்சம். அதில் தூங்கி, குளித்து, சாப்பிட்டு, பிள்ளை முகம் பார்க்க வேண்டும். கிட்லேப் விவகாரம் இரவு வேலையில் நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நாலே முக்கால் வருடத்தில் வேலை மாறுகிறேன். பிஎஃப் பணத்தை எடுத்து கார் முன்பணம் கட்டலாமா? கிராஜுவிட்டி கிடைக்குமா? (வாசகி, கோவை)

பிஎஃப்பைத் தொடாதீர்கள். மொத்தம் ஐந்து வருடம் ஆகும் முன் எடுத்தால் வரி உண்டு. புதுக் கம்பெனிக்கு மாற்றினால் பழைய சர்வீசும் சேர்ந்து எண்ணப்படும். இன்னும் மூன்றே மாதத்தில் நீங்கள் ஐந்தைத் தொட்டுவிடுவீர்கள். மாற்றம் சிக்கும் இடங்கள் இரண்டு: ஆதாரிலும் பிஎஃப்பிலும் பெயர் வேறு வேறாக இருப்பது (இனிஷியல்தான் வழக்கமான குற்றவாளி), பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விடுவது. கடைசி பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆனால் அந்தத் தேதியை உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே பதியலாம்.

கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் வேண்டும். ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று உண்டு. எல்லா எச்ஆரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ராஜினாமா மெயில் தட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் நோட்டீஸ் காலத்தைப் பணம் கொடுத்துக் குறைக்காமல் முழுதாக ஓட்டி ஐந்தைத் தாண்டப் பாருங்கள். கணக்கு இது: கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை 40,000 என்றால் ஐந்து வருடத்துக்கு சுமார் 1,15,385 ரூபாய். அவசரத்தில் விட்டுப்போகிற தொகை இல்லை.

கேள்வி: ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப். விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது. எடைக்குப் போடவா? (வாசகர், காரைக்குடி)

வேண்டாம். 2025 அக்டோபர் 14 அன்று நின்றது இலவச அப்டேட்தான், லேப்டாப் இல்லை. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பதால் உங்களுக்கு நேர்வழி கிடையாது. குறுக்குவழியில் ஏற்றலாம், பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் தகராறு. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் வரும். அதற்குமேல் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் லைவாக ஓட்டி, வைஃபை, ஒலி, கேமரா, தூங்கப் போட்டால் எழுகிறதா என்று நாலையும் பாருங்கள். டேலி, வங்கியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மாதிரி விண்டோஸையே நம்பியவை இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் எது ஏற்றினாலும் ஓடும்.

கேள்வி: கடையிலிருந்து தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் மட்டும் இரண்டு மூன்று மெசேஜாகக் கணக்கு வருகிறது. ஏமாற்றுகிறார்களா? (வாசகர், சிவகாசி)

இல்லை, பாவம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ் ஒரு எழுத்து கலந்தாலும் மொத்தமும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். நீண்டு பிரிந்தால் ஒரு துண்டுக்கு 67. அதிலும் நம் கணக்கு வேறு, மெஷின் கணக்கு வேறு: 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, புள்ளிகள் இரண்டையும் தனித்தனியே எண்ணி மெஷின் ஏழு என்கிறது. 'வாடிக்கையாளர்களுக்கு' என்று தொடங்கினால் இருபது போய்விடும். 'உங்களுக்கு' போதும், அது பத்துதான்.