கொலாஜும் பூஞ்சையும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா போய் ஒன்பது மாதம் ஆகிறது. அவர் பெட்டியில் இருந்த சேலைத் துண்டு, ஜெபப் படங்கள், கடை ரசீது, காலண்டர் தாள் எதையும் தூக்கிப்போட மனம் வரவில்லை. யூடியூபில் பார்த்துவிட்டு ஒரு சார்ட் அட்டையில் கொலாஜாக, அதாவது துண்டு துண்டாகச் சேர்த்து ஒரே படமாக, ஒட்ட ஆரம்பித்தேன். மைதாப் பசை காய்ச்சித்தான் ஒட்டினேன். காய்ந்ததும் அட்டை வளைந்துவிட்டது, காகிதம் முழுக்கக் குமிழ். அப்படியே கண்ணாடி போட்டு மாட்டினேன். ஐப்பசி மழையில் உள்ளே கரும்புள்ளி வந்துவிட்டது. அம்மா போட்டோவைக் கையில் எடுத்தால் நெஞ்சை அடைக்கிறது, அன்றைக்கு வேலையே ஓடுவதில்லை. "எதுக்கும்மா இந்த வெட்டி வேலை" என்கிறான் மகன். இதில் உண்மையிலேயே பலன் உண்டா? சிப்பி, கடல்பாசி, பவளத் துண்டெல்லாம் சேர்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

பசையிலிருந்து தொடங்குகிறேன். பசை சொதப்பியதும் "நமக்கு இதெல்லாம் வராது" என்று கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

காகிதம் ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். விரிந்த காகிதத்தை அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், அது சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. சார்ட் அட்டைக்கு அதைத் தாங்கும் பலம் கிடையாது. பழைய தினசரி காலண்டரின் கெட்டி அட்டையை எடுங்கள். முன்பக்கம் ஒட்டுகிற அன்றைக்கே பின்பக்கமும் வெறும் காகிதம் ஒன்றை அட்டை முழுக்க ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால் வளையாது.

குமிழுக்கும் காரணம் அதேதான். பசை தடவிய உடனே ஒட்டினால், காகிதம் அட்டையில் உட்கார்ந்த பிறகு விரிகிறது. போக இடமில்லாமல் மேலே எழும்புகிறது. துண்டின் பின்பக்கம் மெல்லிசாகப் பசை தடவி ஒரு நிமிடம் விடுங்கள். காகிதம் தளர்ந்து தொய்யும், அப்போது வையுங்கள். மேலே பட்டர் பேப்பர் போட்டு, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டு போங்கள். வாரப்பத்திரிகையின் வழவழப்பான தாள்தான் அதிகம் படுத்தும். காலண்டர் தாள் சொன்னபடி கேட்கும்.

மைதாப் பசைக்கு 2 மேசைக்கரண்டி மாவு, அதே கரண்டியால் 10 தண்ணீர். பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாறிக் கண்ணாடி போல வரும். இறக்கித் துணியில் வடிகட்டுங்கள். ஒரு காலண்டர் அட்டைக்கு இது தாராளம். மறுநாளைக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும். ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை உங்கள் ஊரில் மைதாவே வேண்டாம் என்பேன். பூஞ்சைக்கு அது சாப்பாடு, ராமபாணப் பூச்சிக்கும் சாப்பாடு. பைண்டிங் செய்பவர்கள் பசையில் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அது விஷம். சமையல் பாத்திரமும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் அந்தப் பழக்கம் வேண்டாம். மழைக்காலத்தில் ஃபெவிகால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து தடவுங்கள்.

ஒட்டிய உடனே வெயிலில் வைக்கக் கூடாது, சுருண்டுகொள்ளும். மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதற்கு வெளியே பழைய செய்தித்தாள், அதன்மேல் பலகை, பலகையின்மேல் 5 கிலோ அரிசிப் பை. மறுநாள் காலை செய்தித்தாளை மட்டும் மாற்றுங்கள். மழை நாளில் மூன்று நாளாவது ஆகும். தொட்டால் ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. அந்த ஈரத்தோடு கண்ணாடி போட்டதால்தான் உங்களுக்குப் புள்ளி வந்தது. அதைக் கழற்றி, வெயில் அடிக்கிற நாளில் வெளியே ஒரு மணி நேரம் வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உலர்ந்த பிரஷால் தட்டி விடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும்.

அம்மாவின் பொருட்களில் ஒட்டக் கூடாதவை இரண்டு. அசல் போட்டோவை ஒட்ட வேண்டாம், ஜெராக்ஸ் எடுங்கள். கடையில் லேசர் மிஷினில் எடுத்தது பசையில் கரையாது, வீட்டு இங்க்ஜெட் பிரிண்ட் கரைந்து ஓடும். மிஷினிலிருந்து வரும் வழவழப்பான ரசீது சூடு பட்டால் கறுக்கும், நாளாக எழுத்து மங்கும். அதையும் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

இனி நெஞ்சை அடைப்பது பற்றி. நீங்கள் போட்டோவில் ஆரம்பிக்கிறீர்கள், அது கடைசியில் வரவேண்டியது. முதல் சில தடவை சேலைத் துண்டும் காலண்டர் தாளும் போதும். ஒரு அமர்வுக்கு 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் ஏன் எதற்கு என்று யோசிக்காமல் பொறுக்குவது, 20 நிமிடம் அட்டையில் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்ப்பது, மிச்சம் எடுத்து வைப்பது. பசை டப்பாவை அன்றைக்குத் திறக்கவே கூடாது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் பார்த்து மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால் ஆறுதல் இந்த நகர்த்தலில்தான் இருக்கிறது. துக்கத்தில் நம் கையில் எதுவும் இல்லை. இங்கே எது பக்கத்தில், எது மேலே, எது பாதி மறைய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், மனம் மாறினால் திருப்பி எடுக்கிறீர்கள். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. ஓரத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தும் பாருங்கள். வலது கையை உங்கள் பக்கம் இழுத்தால் ஒரு துண்டில் வெள்ளை விளிம்பு வரும், எதிர்ப்பக்கம் தள்ளினால் மற்றதில் வரும். அந்த வெள்ளையை ஒரு கோடாகவே பயன்படுத்தலாம்.

போட்டோ நகலை எடுக்கும் நாளில் தாங்கவில்லை என்றால், கவிழ்த்து ஒரு கவரில் போட்டுவிட்டு, கை கழுவி, வாசலுக்குப் போய்விடுங்கள். முடித்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சிவப்பு வைத்தால் கோபம், கறுப்பு வைத்தால் சோகம் என்று வீட்டில் யாராவது பலன் சொல்ல வந்தால் கேட்காதீர்கள். அது ஜோசியம்.

மகனுக்கு ஒரு தகவல். 2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் கொலாஜ், களிமண், ஸ்கெட்ச் பேனா என்று இஷ்டப்படி செய்யவிட்டு, எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பின் கலைப் பழக்கம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், இதை வைத்துக்கொண்டு நோய் தீரும் என்றெல்லாம் சொல்ல முடியாது. இன்னொன்றையும் அவனிடம் சொல்லலாம். இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற பெண்மணி, கணவர் இறந்த சில வருடம் கழித்து, 72 வயதில் வண்ணக் காகிதத்தை வெட்டிப் பூக்கள் ஒட்டத் தொடங்கினார். கறுப்புப் பின்னணியில், ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான நுணுக்குத் துண்டுகள் கூட இருக்கும். கண்பார்வை மங்கும்வரை பத்து வருடத்தில் ஆயிரத்தை நெருங்கிவிட்டார். அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

ஆனால் தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டிருந்தால், செத்துப்போனால் தேவலை என்று ஒரு தடவை தோன்றியிருந்தாலும், கத்தரிக்கோலை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக்கிடந்த நோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் செத்த ராமநாதபுரம் மாவட்டம்தான் இது. அதற்குப் பிறகும் மனதுக்கு டாக்டர் என்றால் கூச்சப்படுகிறோம்.

கடல் பொருட்களுக்கு வருகிறேன். பவளத் துண்டு வேண்டாம், கரையில் ஒதுங்கியதாக இருந்தாலும். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை மூன்றும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. சாதாரண மட்டிச் சிப்பி போதும். மணலோ சிப்பியோ, உப்பு போகாமல் ஒட்டினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு அந்த இடம் காயவே காயாது. சிப்பியை நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவையுங்கள், மணலை மூன்று தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வலைத்துண்டு சேர்ப்பதானால் ஒட்ட முயலாதீர்கள். நைலான் பசையைப் பிடிக்காது, ஊசி நூலால் அட்டையோடு தைத்துவிடுங்கள்.

கடல்பாசிக்குப் பசையே வேண்டாம். கரை ஒதுங்கிய மெல்லிய பாசியை நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிடுங்கள். கெட்டித் தாளை அடியில் நுழைத்து, ஊசி முனையால் கிளைகளைப் பிரித்துவிட்டுச் சாய்வாகத் தூக்குங்கள். மேலே பழைய வேட்டித் துணி, அதன்மேல் செய்தித்தாள், பாரம். செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள், துணியைக் காயும்வரை எடுக்காதீர்கள். பல பாசிகள் தங்கள் வழவழப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். தடித்த பாசி சரிவராது.

இந்த மழைக்கு எதையும் மாட்ட வேண்டாம், தை பிறக்கட்டும். அப்போதும் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் 3 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கும்படி ஓரத்தில் அட்டைப் பட்டி வைக்கச் சொல்லுங்கள். கடலைப் பார்த்த சுவரை விட்டுவிட்டு உள்சுவரில் மாட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா